விரிசல் விட்ட எலும்புக்கு ஒளி மருந்தாகுமா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை. ஓட்டப் பயிற்சியில் காலெலும்பு விரிசல் விட்ட பிள்ளைகளுக்கு ஒளிச் சிகிச்சை கொடுக்கலாமா என்பதே அது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ராணுவத்துக்கும் போலீசுக்கும் தயாராகும் பிள்ளைகளின் காலடிச் சத்தம் விடியற்காலையில் கேட்காத சாலை அரிது என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை. சர்க்கரை நோய், முதுகுவலி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் அக்னிவீரராகத் தேர்வாகி, பயிற்சி மையத்தில் சேர்ந்த ஐந்தாவது வாரத்தில் வலது முன்காலில் வலி என்று உட்கார்ந்துவிட்டான். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, டிபியா என்கிற முன்காலெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது விரிசல், என்று சொல்லி, ஆறு வாரம் சிக் லீவில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மதுரையில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில், லேசர் ஒளியைப் பதினைந்து முறை வைத்தால் எலும்பு கூடிவிடும், இரண்டே வாரத்தில் ஓடலாம் என்கிறார்கள். ஒரு முறைக்கு ஐந்நூறு ரூபாய். பணம் பெரிதில்லை, நாள் பிந்தினால் அவனை ரெலிகேட் செய்து அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்களே என்பதுதான் கவலை. லேசரை நம்பலாமா, ஐயா?
— ஒரு வாசகர், பேரையூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒளி எலும்புக்கு ஏதாவது நன்மை செய்யுமா என்பது ஒன்று. இரண்டு வாரத்தில் ஓடலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு 'செய்யக்கூடும்' என்று பதில் சொல்வேன். இரண்டாவதற்கு 'கூடவே கூடாது' என்பதுதான் என் பதில்.

உங்கள் மகனுக்கு வந்திருப்பது ராணுவத்தோடு கூடப் பிறந்த நோய் என்றே சொல்லலாம். 1855ஆம் ஆண்டில் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர், நெடுந்தூர அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் காரணம் தெரியாமல் வீங்கி வலிப்பதைக் குறித்து எழுதினார். அது எலும்பு முறிவு என்று அவரால் அறிய முடியவில்லை. ஏனெனில் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1897இல், அந்த வீங்கிய பாதங்களைப் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே எலும்பு விரிசல் விட்டிருப்பது தெரிந்தது. விழுந்தோ அடிபட்டோ ஏற்படும் முறிவு ஒரு நொடியில் நேர்வது. இதுவோ சிறு சிறு பாரம் ஆயிரக்கணக்கான முறை விழுந்து உண்டாவது.

ஏன் முதல் வாரத்தில் வராமல் ஐந்தாவது வாரத்தில் வந்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். பழைய காரைவீட்டைப் பழுது பார்க்கும் கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பொரிந்துபோன காரையை முதலில் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதுக் காரை பூசுவார். எலும்பும் அப்படித்தான் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. புதிதாகப் பாரம் ஏறியதும் பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் முதலில் வேலையைத் தொடங்குகின்றன. அந்த வேலை ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அரித்த இடத்தைப் புது எலும்பால் நிரப்பிக் கெட்டிப்படுத்தும் செல்களுக்கோ ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வாரங்களில் எலும்பு, கொத்தி எடுத்துப் பூசாமல் விட்ட சுவரைப் போல நிற்கிறது. டிரில்லும் ஓட்டமும் முதுகுச் சுமையும் அந்த வாரங்களில்தான் கூடிக்கொண்டே போகின்றன. உங்கள் மகனின் எலும்பு பலவீனமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கால அட்டவணை அவனுடைய கொத்தனாரை முந்திவிட்டது, அவ்வளவுதான்.

இனி ஒளிக்கு வருவோம். சிகிச்சைக்குப் பயன்படுவது சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியும் ஆகும். அலைநீளக் கணக்கில் 600 முதல் 700 நானோமீட்டர் வரை சிவப்பு. 780 முதல் 1100 வரை அகச்சிவப்பு. 1960இல் முதல் லேசர் உருவாகிச் சில ஆண்டுகளுக்குள், 1967இல், புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மழித்த எலிகளின் தோலில் குறைந்த ஆற்றல் லேசரைப் பாய்ச்சியபோது அங்கே முடி விரைவாக வளர்வதைக் கண்டார். புண் ஆறுவதும் விரைவுபடுகிறது என்பதைப் பிறகு கண்டார். உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற ஒரு நொதி இருக்கிறது. அது இந்த ஒளியை உறிஞ்சிக்கொண்டு ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம். ஆகவே இது மாயமுமில்லை, மந்திரமுமில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாயில் வரும் புண்ணைத் தடுப்பதற்கு இதே ஒளியைக் கொடுக்கலாம் என்று உலக அளவிலான மருத்துவ வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன.

ஆனால் வாய்ப்புண்ணுக்கு நின்ற சாட்சி எலும்புக்கு இன்னும் அந்த அளவுக்கு வந்து நிற்கவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த எலும்பணுக்களிலும் எலிகளிலும் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. மனிதர்களில் நடந்த ஆய்வுகள் குறைவு, நடந்தவையும் சிறியவை. நம் நாட்டுக்கு உரிய செய்தி ஒன்று உண்டு: பயிற்சியில் டிபியா விரிசல் விட்டவர்களுக்குக் குறைந்த ஆற்றல் லேசர் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, இந்திய ஆயுதப் படைகளின் மருத்துவ இதழில் 2006இல் வெளிவந்தது. அதன் முடிவு லேசருக்குச் சாதகமானதே. உங்கள் பிசியோதெரபி நிலையத்தார் ஒன்றுமில்லாததைச் சொல்லவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். எனினும் ஒரு சிறிய ஆய்வை வைத்துக்கொண்டு எலும்பு மருத்துவர்கள் தங்கள் முறையை மாற்றிக்கொள்ள மாட்டார்கள், மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஏன் என்பதற்கு அல்ட்ராசவுண்டின் கதையைச் சொல்லலாம். மெல்லிய அல்ட்ராசவுண்ட் அதிர்வு முறிந்த எலும்பைச் சீக்கிரம் கூட்டுகிறது என்று முதலில் வந்த ஆய்வுகள் கூறின. நம்பிக்கை பெரிதாக இருந்தது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் பயிற்சி மாணவர்களிடம் டிபியா விரிசலுக்கு அதைக் கொடுத்து, போலிக் கருவி வைத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறும் நாட்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒளிக்கும் அந்தக் கதி வரும் என்று நான் சொல்லவில்லை. தேர்வு எழுதாத பிள்ளைக்கு ரேங்க் கொடுக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

ஒளி எவ்வளவு ஆழம் போகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அண்மை அகச்சிவப்பு ஒளிகூடத் தோலைத் தாண்டிச் சில மில்லிமீட்டரிலேயே பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. உங்கள் மகனுக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம். முன்காலின் உட்பக்கத்தில் டிபியாவுக்கும் தோலுக்கும் நடுவில் சதை கிடையாது, விரலால் தடவினாலே எலும்பு தட்டுப்படும். பாதத்தின் மேற்புறமும் அப்படியே. அங்கெல்லாம் ஒளி எலும்பைத் தொடும் என்று எதிர்பார்க்கலாம்.

எனக்கு உண்மையான அச்சம் தருவது வேறு. இந்த ஒளி வலியைக் குறைக்கிறது. எலும்பு கூடுவதற்கு முன்பே வலி குறைந்துவிட்டால், ரெலிகேட் ஆகிவிடுவோமோ என்று தவித்துக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுப் பையன் என்ன செய்வான்? பத்தாவது நாள் யாருக்கும் தெரியாமல் ஓடிப் பார்ப்பான். வலிதான் அவனுக்கு இருக்கும் ஒரே கடிவாளம். அதை நாமே அவிழ்த்து விடுகிறோம். பாதி ஆறிய விரிசல் முழு முறிவானால் ராடு வைக்கும் அளவுக்குப் போகலாம். அப்போது போவது ஒரு பேட்ச் அல்ல, வேலையே போகலாம். நீங்கள் சேவை செய்தவர். ரெலிகேட் ஆகிப் பிறகு நல்ல சிப்பாயான எத்தனையோ பேரை நேரில் பார்த்திருப்பீர்கள். உடல்தகுதி குறைந்தவர் என்று லோ மெடிக்கல் கேட்டகரியில் வீடு திரும்பியவர்களையும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையை எடுத்துக்கொண்டு ஓர் எலும்பு மருத்துவரிடம் போய், விரிசல் டிபியாவின் பின்-உட்பக்கத்தில் இருக்கிறதா, முன்பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பின்-உட்பக்கம் என்றால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஓய்விலேயே ஆறிவிடும். முன்பக்கம் என்றால் மாதக்கணக்கு ஆகும். அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். நடந்தால் வலிக்கும்வரை ஊன்றுகோல் இருக்கட்டும். வலியின்றி நடக்க முடிகிறபோது நீச்சலும் சைக்கிளும் தொடங்கலாம். ஊர்க் கிணற்றில் நீந்தலாம், ஆனால் மேட்டிலிருந்து குதிக்கக் கூடாது. ஓட்டம் அதற்கும் பிறகு, அதுவும் ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நடக்கிற அளவில். வைட்டமின் டி எவ்வளவு என்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்குவதைத் தவிர்க்கச் சொல்வேன். அவை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம் என்ற ஐயம் இருக்கிறது. தேவையானால் பாராசிட்டமால் போதும். இத்தனையும் செய்துகொண்டு, அதற்கு மேல் லேசரும் வைத்துக்கொள்ள விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஓடலாம் என்று சொன்னவரிடமே வைத்துக்கொள்வது பற்றி மட்டும் மறுபடி யோசியுங்கள்.

கேள்வி: என் மகள் போலீஸ் தேர்வுக்காக ஆறு மாதமாக ஓடுகிறாள். முன்கால் வலிக்கிறது என்று உள்ளூரில் லைட் வைத்தோம். இருபது நிமிடம் சிவப்பு விளக்கின் முன்னால் உட்கார வைக்கிறார்கள். சுகமாக இருக்கிறதாம், ஆனால் ஓடினால் வலி திரும்பி வருகிறது. இதுவும் லேசர் ஒளியும் ஒன்றுதானா?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: இல்லையம்மா, இரண்டும் வேறு. நம் பக்கத்தில் 'லைட் வைப்பது' என்று சொல்வது பெரும்பாலும் இன்ஃப்ராரெட் விளக்கு. அது சூடேற்றும் விளக்கு. ரத்த ஓட்டம் கூடி, இறுகிய தசை தளர்ந்து, சுகம் தெரியும். குறைந்த ஆற்றல் லேசர் வைத்தால் சூடே தெரியாது; ஒன்றுமே செய்யவில்லையோ என்று கூடத் தோன்றும். விளக்கின் சூடு தசைப்பிடிப்புக்கு உதவும். விரிசலுக்கு அதனால் பயன் இருப்பதாகக் கொள்ள இடமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். உங்கள் மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? படைப் பயிற்சியில் சேரும் பெண்களுக்கு இந்த எலும்பு விரிசல் ஆண்களைவிடக் கூடுதலாக வருகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. எடை குறைய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, காலையில் வெறும் டீயோடு ஐந்து மணிக்கு ஓடப் போகும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு வராதபோது உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்துகிறது. அதோடு ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் குறைகிறது, எலும்பைக் காத்து நிற்பது அந்தச் சுரப்பு. பயிற்சி எடுத்தால் விலக்குத் தள்ளிப்போவது சகஜம் என்று தோழிகள் சொல்வார்கள். அது சகஜமன்று, எலும்பு தரும் முன்னறிவிப்பு.

அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் கொடுக்கப்பட்டவர்களுக்கு விரிசல் சுமார் 20 சதவீதம் குறைவாக வந்தது. எந்த ஒளிக்கும் இவ்வளவு பெரிய சாட்சி இல்லை என்பதைக் கவனியுங்கள். மாத்திரையை மருத்துவர் முடிவு செய்யட்டும். வீட்டில் கேழ்வரகு இருக்கிறது. நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம். நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடலாம். ஓடி வந்த அரை மணிக்குள் வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள். ஒளியைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

கேள்வி: டாக்டர் சார், எனக்கு வயது இருபது. காலை ஐந்து மணிக்கு அழகர்கோவில் சாலையில் ஓடுகிறேன். 1600 மீட்டர் ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முன்காலில் ஓர் இடத்தில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். கோச், வலியைப் பார்த்தால் யூனிஃபார்ம் போட முடியாது என்கிறார். ஆன்லைனில் எல்.இ.டி. ஒளி பெல்ட் மூவாயிரம் ரூபாய்க்கு வருகிறது. வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடலாமா?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: தம்பி, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதால் எலும்பில் ஒன்றுமில்லை என்று ஆகாது. இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆறத் தொடங்கிப் புது எலும்பு படிந்த பிறகுதான் தெரியும். எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டிவிடும். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். முன்காலெலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக ஒரே விரலால் அழுத்திக்கொண்டு வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், அது எலும்பை ஒட்டிய சவ்வின் வலியாக இருக்கலாம். ஷின் ஸ்பிளிண்ட் என்று உங்கள் கோச் சொல்வது அதைத்தான். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், ஓடும்போது மட்டும் இருந்த வலி நடக்கும்போதும் படுக்கும்போதும் வரத் தொடங்கியிருந்தால், விரிசல் என்றே வைத்துக்கொண்டு அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் 'ஓர் இடத்தில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு இராஜாஜி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கு இந்த வாரமே போய்விடுங்கள்.

பெல்ட்டைப் பற்றி: ஒளிச் சிகிச்சையில் அளவுதான் மருந்து. எந்த அலைநீளம், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல், எத்தனை நிமிடம் என்ற கணக்கு உண்டு. குறைந்தால் பயனில்லை, கூடினாலும் பயன் குறைந்துபோகிறது என்பது இந்தத் துறையின் விசித்திரம். சிவப்பாக எரிவதை மட்டும் வைத்து இந்தக் கணக்கு எதையும் சொல்ல முடியாது. எந்த ஒளியும் ஓடும் காலுக்கு முட்டுக்கொடுக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூவாயிரத்தில் நல்ல ஷூ வாங்கலாம். தாரை விட்டு மண் தரைக்கு இறங்கி, வாரத்துக்கு ஒரு நாள் முழு ஓய்வும், நான்கு வாரத்துக்கு ஒரு முறை பாதி ஓட்டமும் வைத்துக்கொள்ளலாம். இஸ்ரேல் ராணுவத்தில் பயிற்சியாளர்களுக்கு இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கி, நடைப்பயிற்சியின் அளவையும் குறைத்தபோது விரிசல்கள் வெகுவாகக் குறைந்தன. பதினொன்றரை மணிவரை செல்பேசி பார்த்துவிட்டு நாலரைக்கு எழுகிறவர்களுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கோச்சுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வலியைப் பொருட்படுத்தாமல் ஓட வேண்டிய இடங்கள் உண்டுதான். ஒரு காசு அளவில் சுருக்கென்று குத்துகிற எலும்பு அந்த இடமல்ல.

கேள்வி: பயிற்சியில் இருந்து லீவில் வந்த தம்பிக்கு இரண்டு வாரமாகத் தொடை இடுக்கில் வலி. நொண்டி நொண்டி நடக்கிறான். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள், கேட்கவில்லை. லேசர் வைத்தால் சரியாகுமா?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வெளிவரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், அலுவலகத்தின் மூலம் அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஓட்டப் பயிற்சியில் இருப்பவருக்குத் தொடை இடுக்கில் வலி வந்து, காலை ஊன்றும்போது அது கூடினால், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருக்கலாம் என்றே முதலில் ஐயப்பட வேண்டும். அந்த எலும்பு சதைக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது; எந்த லேசரும் எட்டாது. உருவிவிடுவதும் முறுக்கிவிடுவதும் ஆபத்து. அந்த விரிசல் முழுதாக விலகிவிட்டால் எலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் ரத்த ஓட்டம் நின்று, இருபது வயதிலேயே இடுப்பு மூட்டு வீணாகிவிடக்கூடும். எனவே அந்தக் காலை ஊன்றவே விடாமல், ஊன்றுகோலிலோ சக்கர நாற்காலியிலோ வைத்து, அன்றைக்கே எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விரிசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு ஓய்வு போதும், சிலருக்கு உடனே ஸ்குரூ பொருத்த வேண்டியிருக்கும். லீவு முடிகிற நாளுக்குள் திரும்ப முடியாவிட்டால், மருத்துவமனைச் சான்றோடு பயிற்சி மையத்துக்கு உடனே தகவல் அனுப்பிவிடுங்கள்.